பெர்த்துக்கு வருகிறவர்களுக்கு: வெயிலும் தூரமும் சேர்ந்து செய்த ஊர்

அறுபதைத் தாண்டிய அப்பா அம்மாவோடு சென்னையிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான பெர்த் வர நினைக்கிறோம், எந்த மாதம் நல்லது, எத்தனை நாள் வேண்டும், எதை எதைப் பார்ப்பது, அதே பயணத்தில் சிட்னியையும் பார்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். ஒரு வாரம் இருந்தால் அந்த ஒரு வாரத்தையும் பெர்த்துக்கே கொடுங்கள். செப்டம்பர், அக்டோபரில் வர முடிந்தால் மிக நல்லது. பள்ளி விடுமுறையில்தான் முடியும் என்றால் ஏப்ரல்.

சிட்னியைச் சேர்க்க வேண்டாம் என்பதற்குக் காரணம் தூரம். இரண்டும் ஒரே நாடுதானே, பக்கத்தில்தான் இருக்கும் என்று நம்மவர்கள் நிறையப் பேர் நினைக்கிறார்கள். பெர்த்திலிருந்து சிட்னி சுமார் 3,300 கி.மீ. இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தா அதைவிடப் பக்கம். மிக அருகில் உள்ள பெரிய நகரம் அடிலெய்ட். அதுவே விமானப் பாதையில் 2,100 கி.மீ.க்கு மேல், அதாவது சென்னைக்கும் டெல்லிக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். இடையில் இருப்பது மரமே இல்லாமல் விரிந்து கிடக்கும் நல்லர்போர் சமவெளி. சிட்னியிலிருந்து பெர்த் வரும் 'இந்தியன் பசிபிக்' ரயில் 4,352 கி.மீ. ஓடுகிறது, மூன்று இரவுகள் ஆகிறது. அந்தச் சமவெளியில் 478 கி.மீ. தூரம் தண்டவாளம் ஒரு வளைவுகூட இல்லாமல் நேர்கோடாகப் போகிறது. உலகிலேயே மிக நீளமான நேர் ரயில்பாதை அது.

நமக்கு இந்த ஊர் வேறு விதத்தில் பக்கம். சிங்கப்பூரிலிருந்து ஐந்து மணி நேரச் சொச்சம். கோலாலம்பூரிலிருந்தும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சிங்கப்பூர் நேரமும் பெர்த் நேரமும் ஒன்றே. இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம்தான் முன்னால் என்பதால் பெரியவர்களுக்குத் தூக்கம் கெடாது. ஐரோப்பாவோ அமெரிக்காவோ போனால் முதல் இரண்டு மூன்று நாள் வீணாகும். இங்கே வந்து இறங்கிய மறுநாள் காலையே கிளம்பிவிடலாம்.

1962 பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியைச் சுற்றிவந்தபோது, இருண்ட கண்டத்தின் விளிம்பில் இந்த ஊர் மட்டும் அவர் கண்ணில் படட்டும் என்று மக்கள் இரவில் வீட்டு விளக்குகளையெல்லாம் எரியவிட்டார்கள். மேலிருந்து அவர் நன்றி சொன்னார். இன்றும் இதற்கு 'ஒளி நகரம்' என்று ஒரு பெயர் உண்டு. கோவிட் காலத்தில் மேற்கு ஆஸ்திரேலியா தன் எல்லையைச் சொந்த நாட்டின் மற்ற மாநிலங்களுக்கே அடைத்தது. முழுதாகத் திறந்தது 2022 மார்ச்சில்தான். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளலாமா என்று நான்கு முறை வாக்கெடுப்பு நடந்தது, கடைசியாக 2009-ல். நான்கு முறையும் வேண்டாம் என்றே மக்கள் தீர்ப்பளித்தார்கள். இப்படித் தன் போக்கில் இருக்கும் ஊரை இன்னொரு ஊரின் தொங்கலாகப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது.

இனி ஊருக்குள் வருவோம். கடற்கரை நகரம் என்றதும் இறங்கிய இடத்திலேயே கடல் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நகரின் மையம் ஸ்வான் ஆற்றங்கரையில் இருக்கிறது. கடல் அங்கிருந்து மேற்கே 10 கி.மீ.க்கும் மேல். ஆனால் ஊர் கடலோரமாக வடக்கும் தெற்குமாக நூறு கி.மீ.க்கு மேல் நீண்டு கிடக்கிறது. 23 லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்தாலும் நெரிசல் தெரியாமல் இருப்பதற்கு இந்த விரிவுதான் காரணம். விடுதியை நகர மையத்திலோ, துறைமுகப் பகுதியான ஃப்ரீமாண்டிலிலோ எடுங்கள். இரண்டு இடத்திலும் ரயில் இருக்கிறது. மையத்துக்குள் 'கேட்' என்ற இலவச பஸ்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். விமான நிலையத்துக்கும் 2022-லிருந்து ரயில் ஓடுகிறது.

மையத்தில் பார்க்க வேண்டியதில் எனக்கு முதலிடம் கிங்ஸ் பார்க். ஆற்றுக்கு மேலே மேட்டில் சுமார் 400 ஹெக்டேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு யாரும் நட்டு வளர்க்காத இயற்கைக் காடு. ஒரு மாநிலத் தலைநகரின் வணிக வீதியிலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில் இப்படி ஒரு காடு இருப்பது பெரும் பேறு. செப்டம்பரில் வரச் சொன்னதும் இதற்காகத்தான். அப்போது காட்டுப் பூக்கள் பூக்கும். இந்த மாநிலத்தின் தென்மேற்கு மூலைக்கு இரண்டு பக்கம் கடல், மீதிப் பக்கம் பாலைவனம். கோடிக்கணக்கான ஆண்டுகள் இப்படித் தனித்து நின்றதால் இங்குள்ள செடிகள் தமக்கென்று ஒரு வழியில் வளர்ந்தன. சுமார் 8,000 வகைத் தாவரங்கள், அவற்றில் ஏறக்குறைய பாதி உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. கங்காருவின் கால் போலவே விரல் விரித்து நிற்கும் சிவப்பும் பச்சையுமான பூ, பஞ்சு உருண்டை போன்ற பேங்க்ஸியா, தாளைத் தொடுவதுபோல் சரசரக்கும் எவர்லாஸ்டிங் எல்லாவற்றையும் ஒரே காலையில் பார்க்கலாம். அதே பூங்காவில் வயிறு பருத்த ஒரு போவப் மரமும் நிற்கிறது. மாநிலத்தின் வடகோடியில் கிம்பர்லி பகுதியில் சாலைக்கு இடைஞ்சலாக இருந்த அதை, 2008-ல் வேரோடு பெயர்த்து 3,200 கி.மீ. லாரியில் கொண்டுவந்து நட்டார்கள். அந்த நிலத்து மக்களான கிஜா பழங்குடியினர் அதற்குச் சடங்கு செய்து வழியனுப்பி வைத்தார்கள்.

இந்த நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் நூங்கார் மக்கள். பெர்த் வட்டாரத்தில் வாழ்பவர்கள் அவர்களில் வாஜுக் பிரிவினர். ஆண்டை அவர்கள் நான்காகப் பிரிப்பதில்லை. பிராக், புனுரு, ஜெரான், மகுரு, ஜில்பா, கம்பராங் என்று ஆறு பருவங்கள். கார், கூதிர் என்று ஆறு பெரும்பொழுது கண்ட நமக்கு இது சட்டென்று புரியும். வெயில் ஏறுவது, மீன் கரைக்கு வருவது, எந்தப் பூ எப்போது அவிழ்கிறது என்பதையெல்லாம் வைத்துப் பிரித்த கணக்கு அது. நான் செப்டம்பர், அக்டோபர் என்று சொன்ன மாதங்கள் ஜில்பா முடிந்து கம்பராங் தொடங்கும் காலம். 1829-ல் ஜேம்ஸ் ஸ்டர்லிங் தலைமையில் ஆங்கிலேயர் குடியேறியதிலிருந்து நூங்கார் மக்கள் இழந்தது கொஞ்சமல்ல. அவர்களின் வீரன் யாகன் 1833-ல் கொல்லப்பட்டு, அவன் தலை இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டது. 1997-ல்தான் அது ஊர் திரும்பியது. 2010-ல் அடக்கம் செய்தார்கள். ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கும் யாகன் சதுக்கம் அவன் பெயரில்தான்.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 3,200 மணி நேரம் வெயில் அடிக்கிறது. ஆஸ்திரேலிய மாநிலத் தலைநகரங்களில் இதுதான் அதிகம். மழையில் பெரும்பகுதி மே முதல் செப்டம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். ஜூலையில் பகலில் 18 டிகிரி, இரவில் 8 டிகிரி என்று குளிரும். ஜனவரி, பிப்ரவரியில் சராசரிப் பகல் வெப்பம் 31 டிகிரிதான், ஆனால் இடையிடையே 40-ஐத் தாண்டும் நாட்கள் வரும். சென்னையில் பார்க்காத வெயிலா என்று அப்பா சொல்வார். வெப்பம் வேறு, இங்கே வெயில் வேறு. காற்றில் ஈரப்பசை குறைவு, வியர்வை உடனே காய்ந்துவிடும், சூடு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் புற ஊதாக் கதிர் கோடையில் மிகக் கடுமை. தோல் புற்றுநோய் உலகிலேயே அதிகம் வரும் நாடுகளில் ஆஸ்திரேலியா ஒன்று. மாநிறம்தானே, நமக்கு ஒன்றும் ஆகாது என்று விட்டுவிடாதீர்கள். நம் தோலும் கன்றிப்போகும், கண்ணும் கூசி எரியும். அகன்ற விளிம்புள்ள தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, 50 என்று போட்ட சன்ஸ்கிரீன் எல்லோருக்கும் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும்.

வெயிலுக்கு மருந்தாக ஒரு காற்று வரும். அதன் பெயரே 'ஃப்ரீமாண்டில் டாக்டர்'. கோடைக் காலையில் பாலைவனப் பக்கமிருந்து அனல் காற்று வீசும். மதியத்துக்குள் நிலம் சூடேறி, மேலே உள்ள காற்று எழும்ப, தென்மேற்கே கடல் பக்கமிருந்து குளிர்ந்த காற்று உள்ளே பாயும். கிழக்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் டாக்டர் தாமதமாக வருவார். அன்றுதான் 40 தாண்டும். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு வாக்கா மைதானம் தெரிந்திருக்கும். அந்தக் காற்றுக்கு எதிராகப் பந்து வீசியவர்களின் பந்துகள் எப்படி ஸ்விங் ஆகின என்று பழைய ஆட்டங்களின் வர்ணனையில் கேட்டிருப்பீர்கள். டென்னிஸ் லில்லி இந்த ஊர்க்காரர். 2008 ஜனவரியில் கும்ப்ளே தலைமையில் இந்தியா ஜெயித்தது அங்கேதான். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் புதிய ஸ்டேடியம் 2018-ல் திறந்தது. 2024 நவம்பரில் பும்ரா தலைமையில் 295 ரன்னில் இந்தியா வென்றது அந்த மைதானத்தில்; நம் வாஷிங்டன் சுந்தர் அந்த அணியில் ஆடினார். அப்பாவுக்கு கிரிக்கெட் பிடிக்கும் என்றால், மாட்டகரப் நடைப்பாலம் வழியாக ஆற்றைக் கடந்து ஸ்டேடியத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இந்தக் காற்றைத் தெரிந்துகொண்டால் கடற்கரைக்குப் போகும் நேரமும் தெரிந்துவிடும். கோடையில் காலையில் கடல் கண்ணாடி போலக் கிடக்கும். மதியத்துக்கு மேல் மணல் முகத்தில் அடிக்கும். எனவே குளிப்பதற்குக் காலை. கரையில் உட்காருவதற்கு மாலை. ஒரே ஒரு கடற்கரைதான் பார்க்க முடியும் என்றால் காட்டஸ்லோ. கரைக்கு மேல் புல்வெளி, நார்ஃபோக் பைன் மர நிழல், பெரியவர்கள் உட்கார வசதி எல்லாம் உண்டு. மார்ச்சில் வந்தால் மணலிலேயே சிற்பக் கண்காட்சி நடக்கும். சென்னையில் சூரியன் கடலிலிருந்து எழுவதையே பார்த்துப் பழகியவர்கள் இங்கே அது கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கலாம். தண்ணீர் கோடையிலும் நம் வங்கக்கடலைவிடக் குளிர்ச்சி. சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். அந்த இடத்தைத்தான் உயிர்காப்பாளர்கள் கண்காணிக்கிறார்கள். அதற்கு வெளியே உள்ளிழுக்கும் நீரோட்டம் கண்ணுக்குத் தெரியாது.

ஃப்ரீமாண்டிலுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். நகரத்திலிருந்து ரயிலில் அரை மணி நேரம். வெள்ளி, சனி, ஞாயிறில் போனால் 1897-ல் தொடங்கிய சந்தை திறந்திருக்கும். கைதிகளே கல் வெட்டிக் கட்டிய சிறை 1991 வரை சிறையாகவே இருந்தது, 2010-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதன் சுரங்கப் பாதைச் சுற்று பெரியவர்களுக்கு ஒத்துவராது. சாதாரணச் சுற்றே போதும். நான் யார் வந்தாலும் தவறாமல் கூட்டிப்போகும் இடம் கப்பல் உடைவு அருங்காட்சியகம். 1629-ல் இந்தக் கரைக்கு அப்பால் பவளத்திட்டில் மோதி உடைந்த 'படேவியா' என்ற டச்சுக் கப்பலின் பின்பகுதி, கடலடியிலிருந்து பலகை பலகையாக எடுத்து நிறுத்தப்பட்டிருக்கிறது. நம் பழவேற்காட்டில் கோட்டை வைத்திருந்த அதே டச்சுக் கம்பெனியின் கப்பல். பிழைத்துக் கரையேறியவர்களில் நூறு பேருக்கு மேல் சகபயணிகளாலேயே கொல்லப்பட்ட கதை அங்கே விரிவாக இருக்கிறது.

அடுத்து ராட்நெஸ்ட் தீவு. நூங்கார் மொழியில் வாஜெமப். ஃப்ரீமாண்டிலிலிருந்து படகில் அரை மணி நேரம். நகர மையத்திலிருந்து ஏறினால் ஆற்றைப் பார்த்துக்கொண்டே ஒன்றரை மணி நேரம். தனியார் கார் கிடையாது. சைக்கிள் அல்லது சுற்றுப் பேருந்து. பெரியவர்களோடு போகும் உங்களுக்குப் பேருந்துதான் சரி. கடல் கொந்தளிப்பில் வயிறு புரட்டும் என்பதால் காலைப் படகுக்கே டிக்கெட் எடுங்கள். பூனை அளவில் சிரித்த முகத்தோடு நிற்கும் குவோக்கா என்ற கங்காரு வகைச் சிறு விலங்கைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். கிட்டே வரும், படம் எடுக்கலாம். தொடக் கூடாது, தின்ன எதுவும் கொடுக்கக் கூடாது, அபராதம் உண்டு.

ஆனால் குவோக்காவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். 1838-லிருந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அந்தத் தீவு பழங்குடி ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் சிறை. மாநிலத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் சங்கிலியில் கட்டிக் கொண்டுவந்தார்கள். 370-க்கும் மேற்பட்டோர் அங்கேயே இறந்து, பெயர்க்கல் இல்லாமல் புதைக்கப்பட்டார்கள். அந்தச் சிறைக் கட்டடத்தை 2018 வரை சுற்றுலா விடுதியாக வாடகைக்கு விட்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. புதைகுழிப் பகுதி இப்போது அடையாளமிட்டுக் காக்கப்படுகிறது. அந்த வழியே போகும்போது பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லுங்கள்.

ஊரின் பணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு விமான நிலையத்தில் விடியற்காலை பார்த்தாலே போதும்: பளிச்சென்ற ஆரஞ்சு, மஞ்சள் சட்டையோடு வரிசை வரிசையாக நிற்பவர்கள் வடக்கே பில்பரா இரும்புத்தாதுச் சுரங்கங்களுக்குப் பறந்துபோய் வேலை பார்த்துத் திரும்புகிறவர்கள். அதற்கும் முன்னால் தங்கம். 1890-களில் கூல்கார்டியிலும் கால்கூர்லியிலும் தங்கம் கிடைத்தது, ஆனால் குடிக்கத் தண்ணீர் இல்லை. பொறியாளர் சி.ஒய். ஓ'கானர், பெர்த் மலையடிவார அணையிலிருந்து சுமார் 530 கி.மீ. குழாய் போட்டு, மேட்டு நிலத்துக்குத் தண்ணீரை ஏற்றும் திட்டம் வகுத்தார். ஊரே அவரைத் தூற்றியது. 1902-ல் குதிரையோடு கடலுக்குள் போய்த் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மறு ஆண்டு தண்ணீர் போய்ச் சேர்ந்தது. அந்தக் குழாய் இன்றும் வேலை செய்கிறது. ஃப்ரீமாண்டிலுக்குத் தெற்கே அவர் பெயர் கொண்ட கடற்கரையில், அலைக்கு நடுவே குதிரைமேல் அவர் சிலை நிற்கிறது. அம்மாவுக்குத் தங்கம் பார்க்க ஆசை என்றால் 1899-ல் தொடங்கிய பெர்த் மின்ட் இருக்கிறது. உருக்கிய தங்கத்தை அச்சில் ஊற்றிக் காட்டுவார்கள். ஒரு டன் எடையுள்ள தங்க நாணயமும் உண்டு.

தண்ணீர்க் கவலை இன்றும் தீரவில்லை. 1970-களிலிருந்து இந்தப் பகுதியில் குளிர்கால மழை தெளிவாகக் குறைந்துவிட்டது. 2006-ல் குவினானாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. மீஞ்சூர், நெம்மேலித் தண்ணீர் குடித்தவர்களுக்கு இது புதிதல்ல. குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

மையத்தில் மீதி உள்ளவை விரைவாக: எலிசபெத் கீ படகுத்துறைக்கு ஒரு மாலை நடை போதும். 'பூலா பர்டிப்' அருங்காட்சியகத்துக்கு அரை நாள் கொடுங்கள். கூரையிலிருந்து தொங்கும் நீலத் திமிங்கில எலும்புக்கூட்டுக்காகவே போகலாம். சூதாட்ட விடுதிப் பக்கம் போக வேண்டியதே இல்லை.

ஊருக்கு வெளியே இரண்டு பயணம். வடக்கே சுமார் 200 கி.மீ.யில் பினக்கிள்ஸ்: மஞ்சள் மணலில் ஆயிரக்கணக்கான சுண்ணாம்புக் கல் தூண்கள், பெரியவை ஆள் உயரத்தைத் தாண்டும். நடக்க முடியாதவர்கள் காரில் இருந்தபடியே சுற்றிவரப் பாதை உண்டு. ஒரே நாளில் போய் வரலாம். தெற்கே மார்கரெட் ரிவர் சுமார் 270 கி.மீ.; அங்கே இரண்டு இரவு தங்குங்கள். வழியில் பஸ்ஸல்டனில் 1.8 கி.மீ. நீள மரப்பாலம் கடலுக்குள் போகிறது, அதன்மேல் சின்ன ரயில் ஓடுகிறது. அப்பா அம்மா நடக்க வேண்டாம். குகைகளில் மேமத் குகையை எடுங்கள். லேக் குகை மிக அழகு, ஆனால் படிகள் முட்டியை வாங்கிவிடும்.

கார் ஓட்டுவதில் சிரமமில்லை, இங்கேயும் இடப்பக்கம்தான். ஊருக்கு வெளியே பொழுது சாய்ந்தபின் ஓட்டாதீர்கள். கங்காருக்கள் சாலைக்கு வரும் நேரம் அது. ஒன்று குறுக்கே பாய்ந்தால் வண்டியும் போகும், ஆளுக்கும் ஆபத்து.

சாப்பாட்டுக் கவலை வேண்டாம். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களும் நம் ஊர்க்காரர்களும் நிறையப் பேர் இருப்பதால் தோசையும் கிடைக்கும், ரொட்டி சனாயும் கிடைக்கும். கேனிங் வேல் பக்கம் இந்திய மளிகைக் கடைகள் உண்டு. தெற்கே மண்டோகலப்பில் பாலமுருகன் கோவில் இருக்கிறது. பஸ் வசதி குறைவு, கார் வைத்திருக்கும் நாளில் போங்கள். கடைகள் சீக்கிரம் அடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் 11 மணிக்குத் திறந்து 5 மணிக்கெல்லாம் மூடும்.

பெட்டி கட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை, பால் இனிப்பு எதுவும் வேண்டாம். ஊறுகாய், பொடி என்று எது கொண்டுவந்தாலும் விமானத்தில் தரும் அட்டையில் உணவு இருக்கிறது என்று குறித்துவிடுங்கள். குறித்தால் பார்த்துவிட்டுக் கொடுப்பார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மறைத்தால் அபராதம் பெரிது. பூச்சியும் நோயும் உள்ளே வராமல் காப்பதில் இந்த மாநிலம் இன்னும் ஒரு படி மேல். சிட்னியிலிருந்தோ மெல்போர்னிலிருந்தோ வரும் ஆஸ்திரேலியர்கூடத் தேனும் பழமும் கொண்டுவர முடியாது.

ஆக, நகரமும் கிங்ஸ் பார்க்கும் ஒரு நாள், காட்டஸ்லோவும் அருங்காட்சியகமும் ஒரு நாள், ஃப்ரீமாண்டில் ஒரு நாள், தீவு ஒரு நாள், தெற்கே மூன்று நாள். பினக்கிள்ஸையும் பார்க்க வேண்டுமென்றால் எட்டாவது நாளாக ஒன்றைச் சேர்த்து டிக்கெட் போடுங்கள்.